எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் சிதையாத தமிழ் டெக்ஸ்ட் ஃபைல்: முதல் எழுத்திலிருந்து அனுப்பும் வரை

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு டைப்பிங், ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். ஆடி மாதம் வந்தால் தெருவுக்குத் தெரு கூழ் வார்ப்பார்கள். முடிந்ததும் வரவு செலவுக் கணக்கு எங்கள் கடைக்கு வரும். டைப் செய்து பென்டிரைவில் போட்டுக் கொடுப்போம். பொருளாளர் அதை ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறப்பார். பசங்க போனில் திறப்பார்கள். ஒருவர் வீட்டில், பள்ளியில் கொடுத்த விலையில்லா லேப்டாப் விண்டோஸ் 7ஓடு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று இடத்திலும் மூன்று விதமாகத் தெரியும்.

"அக்கா, இங்க நல்லாத்தானே தெரியுது?" என்று கடைக்குப் புதிதாக வரும் ஒவ்வொருவரும் கேட்டிருக்கிறார்கள். தெரியும்தான். டெக்ஸ்ட் ஃபைலுக்குள் எழுத்துருவும் கிடையாது, அளவும் கிடையாது, தடிமனும் கிடையாது. எழுத்துகள் என்ன வரிசையில் வருகின்றன என்பது மட்டும்தான் உள்ளே இருக்கிறது. மீதி எல்லாம் திறக்கிற கம்ப்யூட்டர் தன் பங்குக்குப் போட்டுக்கொள்வது. அதனால் கண்ணால் பார்த்துச் சரிசெய்தது எதுவும் அடுத்த மெஷினுக்குக் கூட வராது.

கீழே சொல்லும் வரிசையை மாற்றாதீர்கள். புதியவர்கள் எல்லாவற்றையும் டைப் செய்து அழகுபடுத்திவிட்டு, என்கோடிங்கை, அதாவது எழுத்துகளை ஃபைலுக்குள் எண்களாக எழுதிவைக்கும் முறையை, கடைசியில் பார்க்கிறார்கள். அங்கேதான் பாதி வேலை பாழாகிறது.

## முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

விண்டோஸில் இருக்கும் நோட்பேட் போதும். நோட்பேட் பிளஸ் பிளஸ் இருந்தால் வேலை சுலபம், அது இலவசம். ஃபைல் எந்த என்கோடிங்கில் இருக்கிறது, வரி எப்படி முடிகிறது என்று ஜன்னலின் அடியிலேயே காட்டிவிடும்.

யூனிகோடில் (உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் கொடுத்த பொது முறை) அடிக்கும் கீபோர்டு வேண்டும். தமிழ்99ஆ, ஒலிபெயர்ப்பா, பழைய டைப்ரைட்டர் அமைப்பா என்பது உங்கள் விரல் பழக்கம். கவனிக்க வேண்டியது வெளியே வரும் எழுத்து யூனிகோடா என்பதை மட்டும்தான். என்எச்எம் ரைட்டர் போன்ற மென்பொருளில் கீபோர்டு அமைப்பு வேறு, வெளிவரும் என்கோடிங் வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்து மாட்டிக்கொண்டவர்கள் நிறைய.

அப்புறம், இன்னொரு மெஷின். பழையதாக இருந்தால் இன்னும் நல்லது. சோதனை அதில்தான்.

## 1. ஒரு எழுத்து அடிப்பதற்கு முன் காலி ஃபைலைச் சேமியுங்கள்

நோட்பேடைத் திறந்து, ஒன்றும் அடிக்காமல் சேவ் ஆஸ் கொடுங்கள். கீழே என்கோடிங் என்று ஒரு சின்னப் பட்டியல் இருக்கும். அதில் யூனிகோடைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள். 2019 மே மாத விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அதுவே தானாக வரும். அதற்கு முந்தைய நோட்பேடில் ஆன்சி என்ற பழைய என்கோடிங்தான் தானாக நிற்கும். நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

ஏன் முதலிலேயே? ஆன்சியில் தமிழுக்கு இடமே இல்லை. தமிழ் அடித்துவிட்டு ஆன்சியாகச் சேமித்தால் நோட்பேட் ஒரு எச்சரிக்கை காட்டும்: யூனிகோட் எழுத்துகள் தொலைந்துபோகும் என்று. ஆங்கிலத்தில் வரும் எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்? கை பழக்கத்தில் ஓகே அழுத்திவிடுவார்கள். பழைய நோட்பேடில் திரையில் தமிழ் அப்படியே இருக்கும், அதனால் சந்தேகமும் வராது. மூடிவிட்டு மறுபடி திறந்தால்தான் வரிசையாகக் கேள்விக்குறி நிற்கும்.

வண்ணாரப்பேட்டை என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு எட்டு எழுத்து: வ, ண், ணா, ர, ப், பே, ட், டை. கம்ப்யூட்டருக்கு அது 14. ஏனென்றால் புள்ளி, துணைக்கால், கொம்பு ஒவ்வொன்றும் தனிக் குறி. யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக மொத்தம் 42 பைட். ஆன்சியில் சேமித்தால் அந்த 14 குறிக்கும் 14 கேள்விக்குறி வரும். எட்டு எழுத்துப் பெயருக்குப் பதினாலு கேள்விக்குறி எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

பழைய நோட்பேடின் பட்டியலில் யூனிகோட் என்றே ஒன்று இருக்கும். பெயரைப் பார்த்து அதைத் தேர்ந்தெடுப்பார்கள். அது யூடிஎஃப்-16. விண்டோஸில் திறக்கும், வேறு பல நிரல்களில் குப்பையாக வரும், சிலவற்றில் திறக்கவே திறக்காது. தொடாதீர்கள்.

புதிய நோட்பேடில் யூடிஎஃப்-8 வித் பாம் என்று இன்னொன்றும் உண்டு. ஃபைலின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு முத்திரையை வைக்கும். சாதாரண ஆவணத்துக்கு அது வேண்டாம். எக்செலில் நேரடியாக இருமுறை சொடுக்கித் திறக்கப் போகும் சிஎஸ்வி ஃபைலுக்கு (விவரங்களைக் காற்புள்ளியால் பிரித்த பட்டியல்) மட்டும் வையுங்கள். அது இல்லாவிட்டால் எக்செல் பெரும்பாலும் தமிழைச் சிதைத்துக் காட்டும்.

## 2. சிதைந்த ஃபைல் கைக்கு வந்தால் முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

பாதி நாள் புதிதாக அடிக்கிற வேலை இருக்காது. யாரோ அடித்ததைத் திருத்துகிற வேலைதான் வரும். எல்லாச் சிதைவும் ஒன்றல்ல. எது என்று தெரியாமல் எதையாவது அழுத்தினால், பிழைத்திருக்கும் ஃபைலும் செத்துப்போகும். நான் பார்த்தவரை நான்கு விதம்.

கேள்விக்குறிகள் மட்டுமே இருந்தால், எழுத்து தொலைந்துவிட்டது. எந்தக் கன்வெர்ட்டரும் மீட்காது, ஏனென்றால் ஃபைலுக்குள் உண்மையிலேயே கேள்விக்குறிதான் இருக்கிறது. மூலம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டு ஓட வேண்டியதுதான்.

தலையில் கோடு போட்ட சின்ன ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர் போட்ட பதிவுக் குறி, பின்னால் ஏதோ ஒன்று, மறுபடி கோடு போட்ட ஏ என்று மூன்று மூன்றாக வந்தால் சந்தோஷப்படுங்கள். அது யூடிஎஃப்-8 தமிழ், தவறாக ஆன்சி என்று படிக்கப்படுகிறது, அவ்வளவுதான். ஃபைல் நலமாக இருக்கிறது. அந்த நிலையில் எதையும் சேமிக்காதீர்கள். சேமித்துவிட்டால் அந்தக் கிறுக்கலே உண்மையான எழுத்தாகிவிடலாம்.

நோட்பேட் பிளஸ் பிளஸில் இதற்கு என்கோடிங் பட்டியலுக்குப் போவீர்கள். அங்கே யூடிஎஃப்-8 என்று ஒன்று, கன்வெர்ட் டு யூடிஎஃப்-8 என்று ஒன்று, இரண்டு இருக்கும். மேலே இருப்பது 'இந்த ஃபைலை யூடிஎஃப்-8 என்று எடுத்துக்கொண்டு மறுபடி படி' என்பது. கீழே இருப்பது 'இப்போது திரையில் தெரிவதை யூடிஎஃப்-8ஆக மாற்று' என்பது. கிறுக்கல் தெரியும்போது கன்வெர்ட்டை அழுத்தினால் கிறுக்கல் நிரந்தரமாகிவிடும். மேலே இருப்பதை அழுத்துங்கள், தமிழ் வந்துவிடும், பிறகு சேமியுங்கள். கடையில் புதியவர்களுக்கு இதை மூன்று முறையாவது சொல்ல வேண்டியிருக்கிறது. பெயர் வைத்தவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

கட்டம் கட்டமாக வந்தால் எழுத்து சரி, அந்தக் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துரு இல்லை. ஃபைலில் செய்ய ஒன்றும் இல்லை.

சாதாரண ஆங்கில எழுத்துகளாக, ஆனால் படிக்க முடியாதபடி வந்தால் பழைய எழுத்துருவில் அடித்தது. பாமினியில் அடித்த தமிழ் என்ற சொல், சின்ன ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி என்று வரும். இதைப் பார்த்தால் அடுத்த பகுதிக்குப் போங்கள். மற்றவர்கள் அதைத் தாண்டிவிடலாம்.

## 3. பழைய எழுத்துருவில் உள்ளதை மாற்றுவது

பாமினி போன்றவற்றில், ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள். எழுத்துருதான் அதன் மேல் தமிழ் வேஷம் போடுகிறது. வேர்டில் இருக்கும்வரை வேஷம் கலையாது. டெக்ஸ்ட் ஃபைலாக்கிய அடுத்த நொடி எழுத்துரு போய்விடும், வேஷம் கலைந்துவிடும்.

மாற்றுவதற்கு என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி இலவசக் கருவிகள் இருக்கின்றன. எந்த எழுத்துரு என்பதை வேர்டில் பார்த்துக் குறித்துக்கொண்டு, அதையே கருவியில் தேர்ந்தெடுங்கள். பாமினியை டாப் (இன்னொரு பழைய தமிழ் என்கோடிங்) என்று சொல்லிக் கொடுத்தால் வேறு விதக் குப்பை வரும்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, முழு ஃபைலையும் அள்ளிப் போடுவது. நடுவில் இருக்கும் உண்மையான ஆங்கிலச் சொற்களையும் கருவி தமிழாக்கிவிடும். கணக்கில் வங்கிக் கிளையின் பெயரோ, மைக் செட்காரரின் இமெயில் முகவரியோ இருந்தால் அது அர்த்தமில்லாத தமிழாகிவிடும். அதனால் ஆங்கிலச் சொற்களைத் தனியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றி முடித்ததும் ஒவ்வொன்றாகத் தேடித் திரும்பப் போடுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் இமெயிலில் ஓர் எழுத்து மாறினால் கடிதம் போகாது.

## 4. வேர்டிலிருந்து எடுக்கும்போது

சேவ் ஆஸில் ப்ளெயின் டெக்ஸ்ட் கொடுத்தால் ஒரு சின்ன ஜன்னல் திறக்கும். அதில் விண்டோஸ் டீஃபால்ட் என்று நின்றுகொண்டிருக்கும், கீழே முன்னோட்டத்தில் சிவப்பு எழுத்து தெரியும். சிவப்பு என்றால் இது சரியாகச் சேமிக்கப்படாது என்று அர்த்தம். அதர் என்கோடிங் போய் யூடிஎஃப்-8 எடுத்தால் சிவப்பு மறையும்.

இன்னொரு வழி: எல்லாவற்றையும் காப்பி செய்து, முதல் படியில் சேமித்த காலி ஃபைலில் ஒட்டுவது. எனக்கு இதுதான் பிடிக்கும். எப்படி ஒட்டினாலும் ஒரு டேபிள் இருந்தால் அது உடையும். அதை அங்கேயே ஒட்டவைக்கப் பார்க்காதீர்கள், 7ஆம் பகுதிக்குத் தள்ளி வையுங்கள்.

## 5. வரி எங்கே முடிய வேண்டும்

டைப்ரைட்டர் பழகியவர்கள் வரி ஓரத்துக்கு வந்ததும் என்டர் தட்டுவார்கள். அவர்கள் திரையில் பத்தி செங்கல் அடுக்கியதுபோல இருக்கும். அதே ஃபைலைப் போனில் திறந்தால் நீள வரி ஒன்று, அடுத்து ஒற்றைச் சொல் ஒன்று, மறுபடி நீள வரி என்று பல் விழுந்த சீப்பு மாதிரி வரும்.

ஆங்கிலத்தில் வரிக்கு 65, 70 எழுத்து என்று ஒரு பழைய கணக்கு உண்டு. எல்லா எழுத்தும் ஒரே அகலம் என்று இருந்தால்தான் அந்தக் கணக்குக்கு அர்த்தம். தமிழில் ர எங்கே, ணை எங்கே? இரண்டுக்கும் ஒரே இடம் ஒதுக்க முடியாது.

பத்தி முழுவதையும் ஒரே நீள வரியாக விட்டால்? போனில் அழகாக மடிந்துகொள்ளும். ஆனால் பழைய நோட்பேடில் வேர்டு ராப் (வரியைத் தானாக மடிக்கும் வசதி) அணைந்திருந்தால் வரி வலது பக்கம் எண்ணூர் வரை போய்க்கொண்டே இருக்கும்.

நான் எடுத்த முடிவு: ஒரு வாக்கியம், ஒரு வரி. வாக்கியத்தைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள். பத்தி மாறும்போது ஒரு காலி வரி. போனில் வாக்கியம் தானாக மடியும், அசிங்கமாக இருக்காது. பழைய திரையிலும் பெரும்பாலும் ஓரத்தைத் தாண்டாது. திருத்தும்போது எந்த வாக்கியம் எங்கே என்று உடனே தெரியும், இது கூடுதல் லாபம்.

பத்தியின் தொடக்கத்தில் ஐந்து ஸ்பேஸ் தட்டி உள்ளே தள்ளும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். காலி வரியே போதும். டேப் தட்டினால் இன்னும் மோசம்; ஒரு நிரலில் அது எட்டு இடம், இன்னொன்றில் நான்கு.

இனி, வரி முடிவுக் குறி. என்டர் தட்டியதும் ஃபைலுக்குள் ஒரு குறி விழுகிறது. விண்டோஸ் பழக்கத்தில் அது இரண்டு குறி, சிஆர் எல்எஃப். லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு பக்கம் எல்எஃப் மட்டும். 2018 அக்டோபர் பதிப்புக்கு முந்தைய நோட்பேடுக்கு எல்எஃப் மட்டும் இருந்தால் புரியாது. முழுக் கணக்கும் ஒரே வரியாக ஒட்டிக்கொள்ளும். போனில் டைப் செய்து அனுப்பியதை அந்த விண்டோஸ் 7 லேப்டாப்பில் திறந்தபோது நூற்றுச் சொச்சம் வீட்டு வசூலும் ஒரே நூலில் கோத்த மல்லிப்பூ மாதிரி வந்தது.

படிப்பதற்கான ஆவணம் என்றால் சிஆர் எல்எஃப் வையுங்கள். புதியதும் பழையதும் இரண்டும் ஏற்றுக்கொள்ளும். நோட்பேட் பிளஸ் பிளஸில் எடிட், இஓஎல் கன்வெர்ஷன், விண்டோஸ். சாதாரண நோட்பேடில் புதிதாக அடித்த ஃபைல் என்றால் தானாகவே அப்படித்தான் இருக்கும்.

## 6. தலைப்பு

ஆங்கிலத்தில் எல்லாம் பெரிய எழுத்தில் போட்டால் அது தலைப்பு என்று தெரிந்துவிடும். நமக்குப் பெரிய எழுத்து கிடையாது. எனவே மேலே இரண்டு காலி வரி, முன்னால் எண், அடியில் ஒரு கோடு.

கோடு தலைப்பின் நீளத்துக்குச் சரியாக இருக்க வேண்டும் என்று எண்ணி எண்ணி அடிப்பார்கள். உங்கள் எழுத்துருவில் சரியாக நிற்கும், அடுத்ததில் நிற்காது. எல்லாத் தலைப்புக்கும் ஒரே நீளமாக, இருபது சிறு கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளம் பொருந்தாவிட்டாலும் திட்டமிட்டுச் செய்ததுபோல இருக்கும். நடுவில் வைப்பதற்காக ஸ்பேஸ் தட்டித் தள்ளாதீர்கள். போனில் தலைப்பு இரண்டாக முறிந்து நிற்கும்.

## 7. கணக்கும் பட்டியலும்

இங்கேதான் எல்லோரும் விழுகிறார்கள், நானும் விழுந்தேன். பெயர் ஒரு பக்கம், தொகை ஒரு பக்கம் என்று ஸ்பேஸ் தட்டி நேராக்குவது. ஒரு வருஷம் இரவு பத்து மணிவரை உட்கார்ந்து நேராக்கினேன். மறுநாள் காலை பொருளாளர் போனில் காட்டினார்: தொகைகள் குடிகாரன் நடந்த மாதிரி இங்கும் அங்கும்.

ஒரே அகல எழுத்துரு போடச் சொல்வார்கள். கன்சோலஸ் போன்றவற்றில் தமிழ் எழுத்தே இல்லை. கம்ப்யூட்டர் தமிழை மட்டும் வேறு எழுத்துருவிலிருந்து எடுத்துப் போடும், அதன் அகலம் இஷ்டத்துக்கு இருக்கும். தமிழுக்குப் பின்னால் வரும் எதையும் ஸ்பேஸால் நேராக்க முடியாது.

விடை ரொம்ப எளிது. தமிழுக்குப் பின்னால் எதையும் வைக்காதீர்கள். தொகையை முன்னால் போடுங்கள். பெரும்பாலான எழுத்துருக்களில் எண்கள் ஒரே அகலம். எண்ணுக்குப் பின்னால் தமிழ் எப்படி நீண்டாலும் பாதிப்பில்லை.

வரவு
--------------------
500 : 3ஆம் நம்பர் வீடு
1,000 : 7ஆம் நம்பர் வீடு, மாடி
2,000 : முனை டீக்கடை
3,500 : மொத்த வரவு

செலவு
--------------------
1,200 : கேழ்வரகு மாவு, 20 கிலோ
400 : நொய் அரிசி, 10 கிலோ
1,500 : மைக் செட், இரண்டு நாள்
3,100 : மொத்தச் செலவு

400 : கையிருப்பு

எண்கள் வலது ஓரத்தில் நேராக நிற்காது. 500க்கும் 1,000க்கும் இடது ஓரம்தான் ஒன்று. அதைச் சரிசெய்ய 500க்கு முன்னால் ஸ்பேஸ் போட ஆசை வரும். போடாதீர்கள், ஸ்பேஸின் அகலமும் எண்ணின் அகலமும் பல எழுத்துருக்களில் வேறு வேறு. பெரியவர்கள் "இதென்ன, தொகை முதல்ல வருது?" என்று கேட்பார்கள். இரண்டாம் வருஷம் கேட்க மாட்டார்கள்.

ஒரு வீட்டுக்கு மூன்று நான்கு விவரம் இருந்தால் (வீட்டு எண், தொகை, ரசீது எண், தேதி) அவற்றை ஒரே வரியில் அடைக்காமல், விவரத்துக்கு ஒரு வரி, வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு காலி வரி என்று எழுதுங்கள். நீளும்தான். நூறு வீட்டுக்கு மேல் என்றால் டெக்ஸ்ட் ஃபைலோடு மல்லுக்கட்டாமல் சிஎஸ்வியாகத் தனியே கொடுத்துவிடுவேன்.

## 8. கண்ணுக்குத் தெரியாதவை

எல்லாம் சரியாகத் தெரியும், ஆனால் தேடினால் கிடைக்காது. இந்தப் புகார் வந்தால் இந்தப் பகுதி.

முதல் காரணம், கொம்பும் காலும். கொ என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துக்குப் பின் ஒகரக் குறி ஒன்றே ஒன்று; அல்லது ககரம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று தனித்தனியாக. திரையில் ஒரே மாதிரி தெரியும். ஆனால் பல நிரல்களின் தேடலுக்கு இரண்டும் வேறு. கொடுங்கையூர் என்று தேடினால் பத்தில் ஆறுதான் வரும், மீதி நான்கு வேறு விதமாக அடித்தவை. டைப்ரைட்டர் அமைப்பில் அடிப்பவர்களிடமும், பழைய எழுத்துருவிலிருந்து மாற்றியவற்றிலும் இது அதிகம்.

சரிசெய்ய, ஃபைண்ட் ரீப்ளேஸில் தனித்தனிக் குறிகளை ஒற்றைக் குறியாக மாற்றுங்கள்: ஒற்றைக்கொம்பும் காலும் வந்தால் ஒகரக் குறி, இரட்டைக்கொம்பும் காலும் வந்தால் ஓகாரக் குறி. குறிகளைத் தனியே அடிக்க வராவிட்டால் ஃபைலிலிருந்தே காப்பி செய்து தேடல் பெட்டியில் ஒட்டலாம்.

இதன் தங்கச்சி ஒன்று உண்டு. துணைக்காலுக்குப் பதில் ரகரம் அடிப்பது, ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பு போட்டு ளகரம் அடிப்பது, ஔவையாரின் முதலெழுத்தை ஒ, ள என்று பிரித்து அடிப்பது. கண் ஏமாறும், கம்ப்யூட்டர் ஏமாறாது. இதற்குக் குறுக்குவழி இல்லை, சந்தேகமான சொற்களைத் தேடிப் பார்க்கத்தான் வேண்டும்.

கொம்பை முதலில் அடித்துவிட்டு எழுத்தைப் பின்னால் அடித்தால் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் கூடவே தெரியும். யூனிகோடில் குறி எப்போதும் எழுத்துக்குப் பின்னால்தான்.

இரண்டாவது காரணம், அகலமே இல்லாத எழுத்து. சில கீபோர்டுகளும், இணையப் பக்கங்களிலிருந்து காப்பி செய்வதும் கொண்டுவரும். ரிக்ஷா என்ற சொல்லில் க், ஷ இரண்டும் சேர்ந்து கூட்டெழுத்தாகாமல் தனித்து நிற்க, நடுவே இந்த அகலமில்லாத பிரிப்பானை வைப்பார்கள். இரண்டு விதமாகவும் அச்சில் பார்க்கலாம். எது சரி என்று நான் சண்டைக்கு வரவில்லை. ஒரே ஃபைலில் இரண்டும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கண்டுபிடிக்க: கர்சரை அம்புக்குறியால் ஒவ்வொரு எழுத்தாக நகர்த்துங்கள். ஓர் இடத்தில் அழுத்தியும் கர்சர் நகராமல் நின்றால் அங்கே ஆள் இருக்கிறார். ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு அந்த ஓர் அடியை மட்டும் தேர்ந்தெடுத்து, காப்பி செய்து, தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். பெட்டி காலியாகத் தெரியும், பயப்பட வேண்டாம். மாற்று என்ற இடத்தை வெறுமையாக விட்டு எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

## 9. விலக்க வேண்டிய குறிகள்

வேர்டு தானாகப் போடும் வளைந்த மேற்கோள் குறிகளை நேரானதாக மாற்றிவிடுவேன். யூடிஎஃப்-8இல் அவை பிழையில்லை, ஆனால் வேறு எங்காவது ஒட்டும்போது முதலில் சிதைவது அவைதான். கறுப்பு உருண்டைக்குப் பதில் எண் அல்லது சிறு கோடு.

ரூபாய்க் குறி வேண்டாம். அந்தக் குறி அறிவிக்கப்பட்டதே 2010இல்தான். அப்டேட் செய்யாத விண்டோஸ் 7இல் கட்டமாகத்தான் வரும். ரூ. என்று எழுதினால் எந்தக் காலத்து மெஷினும் காட்டும்.

நோட்டீஸில் எப்போதும் வரும் ஸ்ரீயிலும் ஒரு சங்கதி இருக்கிறது. ஸகரத்தில் தொடங்கி அடிப்பது ஒன்று, பின்னாளில் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கி அடிப்பது இன்னொன்று. பழைய கம்ப்யூட்டரிலும் திறக்க வேண்டும் என்றால் ஸகர ஸ்ரீயே பத்திரம்.

நட்சத்திரக் குறியால் அலங்காரம் செய்யாதீர்கள். வாட்ஸ்அப்பில் ஒட்டினால் இரண்டு நட்சத்திரத்துக்கு நடுவில் இருப்பது தடித்துவிடும், நட்சத்திரம் காணாமல் போகும்.

## 10. ஃபைல் பெயர்

ஆங்கிலச் சின்ன எழுத்து, எண், சிறு கோடு. ஸ்பேஸ் வேண்டாம். தமிழில் பெயர் வைத்தால் பழைய ஜிப் கருவிகளில் பெயரே சிதைந்துவிடும், உள்ளே நன்றாக இருப்பதைக்கூடத் திறக்க மாட்டார்கள். தேதி போடுவதானால் வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில் போடுங்கள். ஃபோல்டரில் தானாகக் கால வரிசையில் அடுக்கிக்கொள்ளும். 'கடைசி', 'புதுக் கடைசி', 'கடைசியோ கடைசி' என்று பெயர் வைத்த மூன்று ஃபைல்களோடு ஒருவர் வந்தார். எது கடைசி என்று அவருக்கே தெரியவில்லை.

## 11. சோதனை, அப்புறம் அனுப்புதல்

ஃபைலை மூடுங்கள். மறுபடி திறங்கள். கேள்விக்குறி எதுவும் வரவில்லையென்றால் முதல் கண்டம் தாண்டியது.

அடுத்து வேறு மெஷின். போனுக்கு அனுப்பித் திறந்து பாருங்கள். தலைப்பு முறிகிறதா, தொகைகள் இடம் மாறுகின்றனவா என்று பார்க்க இதுவே போதும். பிறகு கிடைக்கிற பழைய கம்ப்யூட்டர் ஒன்று. அங்கே எல்லாம் ஒரே வரியாக வந்தால் 5ஆம் பகுதிக்குத் திரும்புங்கள். தொடக்கம் முதல் முடிவு வரை படிக்க வேண்டியதில்லை. நீளமான தலைப்பு ஒன்று, கணக்கில் பத்து வரி, ஸ்ரீ வரும் இடம், ஆங்கிலம் கலந்த வரி ஒன்று, கடைசி வரி. நான் பார்ப்பது இவ்வளவுதான். கடைசி வரியை எதற்குப் பார்க்கிறேன் என்றால், பென்டிரைவை அவசரமாகப் பிடுங்கினால் வெட்டுப்படுவது அங்கேதான்.

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்ட் என்ற வழியில் இணையுங்கள். உள்ளே இருப்பதைக் காப்பி செய்து மெசேஜாக ஒட்டினால் அது ஃபைல் இல்லை, மெசேஜ். அதை இன்னொருவர் பாதி காப்பி செய்து அனுப்ப, கணக்கில் செலவுப் பக்கம் மட்டும் தெருவைச் சுற்றி வரும். எங்கள் பகுதியில் அது கணக்குத் தகராறில் போய் நிற்கும். பிரிண்ட் கேட்பவர்களுக்கு அதே ஃபைலை வேர்டில் திறந்து, எழுத்துரு அளவைக் கூட்டி, தனியாகப் பிடிஎஃப் எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். டெக்ஸ்ட் ஃபைலைத் தொடுவதில்லை. அடுத்த ஆடிக்கு அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.